சியாங் மாய் போகுமுன்: முருகேசனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. நிலா நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள், கதிருக்கு நான்கு வயது முடிந்துவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை என்று படித்ததில் ரொம்ப மகிழ்ச்சி. ஐந்து பேரும் சியாங் மாய் போக நினைத்திருப்பது நல்ல முடிவு. ஆனால் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஏப்ரலில் கிளம்புவதாக எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் முதலில் மாற்றிவிடு.

பிப்ரவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை வட தாய்லாந்தில் புகைக்காலம். மக்காச்சோளத் தட்டையை வயலிலேயே கொளுத்துகிறார்கள், காட்டிலும் சருகு எரிகிறது, மியான்மர், லாவோஸ் பக்கத்துப் புகையும் சேர்ந்துகொள்கிறது. சியாங் மாய் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கும் ஊர். காற்று அசையாத நாட்களில் புகை மேலே எழும்பாமல் அப்படியே தங்கிவிடும். உலகிலேயே காற்று மோசமான நகரம் என்று அந்த வாரங்களில் அடிக்கடி பெயர் வாங்கும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளையை அங்கே கூட்டிப்போகவே கூடாது. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அதாவது நம் சித்திரை முதல் நாளை ஒட்டிய அவர்களுடைய புத்தாண்டு. பழைய நகரத்து அகழியைச் சுற்றி வாளி வாளியாகத் தண்ணீர் வீசுவார்கள். பெரியவர்களுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் அகழித் தண்ணீர் கதிர் கண்ணிலும் வாயிலும் போவது நல்லதல்ல.

காலாண்டு விடுமுறையும் வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பர்தான் அங்கே மழை அதிகம். 2024-இல் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பிங் ஆறு கரை புரண்டு, இரவுச் சந்தைப் பகுதியெல்லாம் தண்ணீரில் நின்றது. அரையாண்டு விடுமுறைதான் சரியான காலம். டிசம்பர் இறுதியில் பகலில் இதமான வெயில், இரவில் 15 டிகிரி வாக்கில் குளிர். கூட்டமும் அப்போதுதான் அதிகம், அறை வாடகையும் ஏறும். அதனால் அறையையும் விமானத்தையும் செப்டம்பரிலேயே போட்டுவிடு. விடுப்பு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்றால் லோய் கிரதோங் சமயம் இன்னும் அழகு. அவர்களுடைய பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமியில், பெரும்பாலும் நவம்பரில், விளக்கேற்றி ஆற்றில் மிதக்கவிடுவார்கள். சில ஆண்டுகளில் நம் கார்த்திகை தீபத்தை ஒட்டியே வரும், சில ஆண்டுகளில் ஒரு மாதம் முந்திவிடும்.

இனி பயணம். சென்னையிலிருந்து பாங்காக்குக்கு மூன்றரை மணி நேரம், அங்கிருந்து சியாங் மாய்க்கு இன்னொரு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள். ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறுவது போல மலிவு டிக்கெட் கண்ணில் படும், எடுக்காதே. நெரிசலில் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும், இடையில் குடியேற்ற வரிசை, பெட்டி வருவதற்கான காத்திருப்பு வேறு. ஒரே நிறுவனத்தில், ஒரே முன்பதிவில் எடுத்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விடு.

நிலாவுக்கு ரயில் ஆசை என்று எழுதியிருந்தாய். போகும்போது விமானம், திரும்பும்போது ரயில் என்று வை. சென்னை விமானத்தில் விடியற்காலையில் இறங்கினால் மாலை ரயிலுக்காகப் பிள்ளைகளோடு பகல் முழுதும் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். திரும்பும் வழியில் அந்தத் தொல்லை இல்லை. சியாங் மாயில் மாலை ஆறு மணி வாக்கில் ஏறினால் காலை ஏழு மணிக்கு பாங்காக்கின் குருங் தெப் அபிவத் நிலையம். சென்னை விமானத்தை அன்று இரவுக்கு வைத்துக்கொள். ரயில் ஒரு மணி, இரண்டு மணி தாமதமானாலும் பதற வேண்டாம். டான் முவாங்கிலிருந்து கிளம்புவதானால் அந்த நிலையத்திலிருந்தே சிவப்புத் தடத்து ரயில் நேராகப் போகிறது. இரண்டாம் வகுப்பு ஏசியில் கீழ்ப் படுக்கை அகலம், கதிரும் அவன் அம்மா மீனாவும் சேர்ந்தே படுக்கலாம். மேல் படுக்கை குறுகல், விளக்கு கண்ணில் அடிக்கும். போர்வை தருவார்கள், இருந்தாலும் ஏசி கடுங்குளிராக இருக்கும், பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிடு. அம்மாவுக்கும் கீழ்ப் படுக்கை வேண்டும், டிசம்பரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பதிவு திறந்த உடனே எடு.

தங்குவதற்கு அகழிக்கு உட்பட்ட பழைய நகரத்தைப் பார். 1296-இல் மங்ராய் அரசர் அமைத்த சதுர நகரம், ஒரு பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உள்ளே சந்துகளில் வண்டி நடமாட்டம் குறைவு, கோவில்கள் நடந்து போகும் தூரத்தில். விமான நிலையம் நான்கு கிலோமீட்டர்தான். கிழக்கே தா பே வாசலையொட்டி இரவில் இரைச்சல் அதிகம், அதனால் மேற்குப் பாதியில் எடு. நீச்சல் குளம் இல்லாத விடுதி வேண்டாம், பிள்ளைகளுக்கு நண்பகல் நேரம் கழிய வேறு வழி கிடையாது.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம். காலை ஏழரைக்குக் கிளம்பு, பன்னிரண்டரைக்குள் திரும்பி வந்து குளம், தூக்கம். ஐந்து மணிக்கு மேல் சந்தை அல்லது ஒரு கோவில். நீ அனுப்பிய பட்டியலில் இருக்கும் பதினான்கு இடங்களையும் ஐந்து நாளில் அடைத்தால் மூன்றாம் நாள் கதிர் அழ ஆரம்பித்துவிடுவான், அப்புறம் யாருக்கும் எதுவும் மனதில் நிற்காது. பாய் என்ற மலையூரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. அங்கே போகும் மலைச்சாலையில் 762 வளைவுகள் என்று அவர்களே சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள், மூன்று மணி நேரமும் வாந்திதான். சியாங் ராயின் வெள்ளைக் கோவிலும் போக மூன்று மணி, வர மூன்று மணி. அங்கே ஓர் இரவு தங்குவதானால் போகலாம்.

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்த்துக்கொள்: புவா தோங் அருவி. நகரத்துக்கு வடக்கே 60 கிலோமீட்டர். ஊற்று நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது பாறைமேல் படிந்து படிந்து இளமஞ்சள் நிறத்தில் சொரசொரப்பான மேடாகியிருக்கிறது. அதனால் ஓடும் தண்ணீரிலேயே வெறுங்காலோடு அருவியை நடந்து ஏறலாம், கால் வழுக்காது. செங்குத்தான இடங்களில் கயிறு கட்டியிருக்கிறார்கள். பச்சையாகப் பாசி தெரிகிற இடத்தில் மட்டும் கால் வைக்கக்கூடாது, அங்கே மற்ற பாறை மாதிரிதான் வழுக்கும். கீழே படியில் இறங்கிப் போய் அங்கிருந்து மேலே ஏற வேண்டும். கதிருக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெரியவர் இருக்கட்டும். அம்மா மேலே புல்வெளியில் நிழலில் உட்காரலாம். மாற்றுத் துணியும் துண்டும் மறக்காதே.

யானை முகாம் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். சரணாலயம் என்ற பெயர்ப் பலகையை நம்பாதே, சவாரி விட்டுக்கொண்டே அந்தப் பெயரை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. குட்டியை மனிதனுக்குப் பணிய வைக்க அடித்து, கட்டிப்போட்டு, பட்டினி போட்டுப் பழக்கும் முறை அங்கே வெகுகாலம் இருந்தது. சவாரியும் வித்தையும் அந்தப் பழக்கத்தின்மேல்தான் நிற்கின்றன. முன்பதிவுக்கு முன் எழுதிக் கேள்: சவாரி உண்டா? யானை ஓவியம் வரைவது, பந்து உதைப்பது உண்டா? பார்வையாளர்கள் ஆற்றில் இறங்கிக் குளிப்பாட்டுவார்களா? மூன்றுக்கும் இல்லை என்று தெளிவாகச் சொல்லும் இடம்தான் நல்ல இடம். குளிப்பாட்டுவது பார்க்கச் சாதுவாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒருமுறை என்று அந்த யானையைத் திரும்பத் திரும்ப நீரில் இறக்குவார்கள், அது மிரண்டால் குழந்தை பக்கத்தில் நிற்கும். மே தேங் பள்ளத்தாக்கில் எலிஃபண்ட் நேச்சர் பார்க் போன்ற இடங்களில் தள்ளி நின்று பார்ப்பதும் தீனி தயாரிப்பதும்தான். கோவில் வாசலில் சங்கிலியோடு நிற்கும் யானையையே பார்த்துப் பழகிய நிலாவுக்கு, கூட்டமாகத் தன்பாட்டுக்கு மேயும் யானைகளைப் பார்ப்பது பெரிய விஷயம். முழு நாள் திட்டம் கதிருக்கு நீளம், அரை நாள் போதும்.

தோய் சுதேப் மலைக்கோவில் 1383-இல் கட்டத் தொடங்கியது. நாகம் இருபுறமும் படுத்திருக்கும் 300-க்கும் மேற்பட்ட படிகள். அம்மா படி ஏற வேண்டாம், பக்கத்தில் மின்தூக்கிப் பெட்டி இருக்கிறது. எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் சுற்றுலா வேன்கள் வருமுன் நிம்மதியாகப் பார்த்துவிடலாம். வளைவுச் சாலை என்பதால் பிள்ளைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதே, வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி அளவு ஏதாவது போதும். தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லோருக்கும். பிக்குகளைப் பெண்கள் தொடக்கூடாது, சிறுமி என்றாலும் தள்ளி நிற்பதுதான் மரியாதை. நிலாவிடம் முன்கூட்டியே சொல்லிவை. அடிவாரத்து விலங்குக் காட்சி சாலைக்குப் போவதானால் பாண்டா இருக்கும் என்று ஆசை காட்டாதே, கடைசிப் பாண்டா 2023-இல் இறந்துவிட்டது.

சான் கம்பேங் வெந்நீர் ஊற்று அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒருசேரப் பிடிக்கும். வாசலில் மூங்கில் கூடையில் கோழி முட்டை, காடை முட்டை விற்பார்கள். கொக்கியில் மாட்டிக் கொதிநீரில் தொங்கவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். பக்கத்திலேயே ஆறிய நீர் ஓடும் வாய்க்காலில் கால் நனைத்து உட்காரலாம். முட்டைத் தொட்டியருகே கதிர் கையை விடாதே.

ஞாயிறு மாலை ராட்சதம்னோன் சாலைச் சந்தைக்கு ஐந்து மணிக்கே போய்விடு, ஏழுக்கு மேல் குழந்தைத் தள்ளுவண்டி நகராது. ஆறு மணிக்கு நாட்டுப்பண் ஒலிக்கும், வாங்குபவர் விற்பவர் எல்லோரும் நின்ற இடத்தில் அப்படியே நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள்.

ஊருக்குள் சுற்ற சொங்தேவ் என்னும் சிவப்பு வண்டி உண்டு. இரண்டு பக்கமும் பெஞ்சு, பெல்ட் கிடையாது, பிள்ளைகளை ஓட்டுநர் பக்கத்து உள்மூலையில் உட்காரவை. கிராப், போல்ட் செயலிகளில் சாதாரண கார் நால்வருக்குத்தான், ஐந்து பேருக்குப் பெரிய வண்டி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அருவி, யானை நாட்களுக்கு ஓட்டுநரோடு வேன் பேசிக்கொள், ஒரு நாளைக்கு 2,000 முதல் 3,000 பாட் ஆகும். பிள்ளை இருக்கை கேட்டு எழுதி வாங்கு. ஸ்கூட்டர் வேண்டவே வேண்டாம். உரிய உரிமம் இல்லாமல் விழுந்தால் காப்பீடும் கை விரித்துவிடும்.

அம்மா சைவம் என்பதால்: காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், கேட்காவிட்டால் தெரியாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட 'ஜே' கடைகளில் கவலையில்லை, மீன் சாறு மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் இருக்காது. பிள்ளைகளுக்கு 'மாய் பெட்' என்றால் காரமில்லாமல் தருவார்கள். காவ் மன் காய் என்னும் கோழிச் சோறு, ஒட்டரிசி, முட்டைச் சோறு எல்லாம் இறங்கும். காவ் சோய் தேங்காய்ப்பால் குழம்பு நூடுல்ஸ், அதை நீயும் மீனாவும் விடாதீர்கள். செவன் இலெவனில் தயிர் பெரும்பாலும் இனிப்புப் போட்டது, பார்த்து எடு. குழாய்த் தண்ணீர் குடிக்காதே.

கொசுவிரட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல் மருந்து பையில் இருக்கட்டும். கோவில் நாய்களைத் தொட விடாதே. கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனை போக வேண்டும். ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலாக் காவல் 1155.

தாய்லாந்து வருகைப் படிவத்தை இப்போது இணையத்தில்தான் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும். அரசுத் தளத்தில் இலவசம், காசு கேட்கும் தளம் எல்லாம் ஏமாற்று. விசா விதி மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடும் அன்று தூதரகத் தளத்தில் பார்த்துவிடு. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும், பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் வேண்டும். நிலாவுடையது எப்போது எடுத்தது என்று பார்த்து, பள்ளி விடுமுறைத் தேதியோடு சேர்த்து எழுது. புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டு டிக்கெட்டுக்குப் போவோம்.

அன்புடன்,
குமார்