படிக்கட்டு எண்ணுற வெள்ளம் இல்ல அது

வியாசர்பாடி, சென்னை,
ஜூலை, ஞாயிறு மத்தியானம்

கண்ணு,

போன்ல சொன்னா "சரிம்மா, சரிம்மா"ன்னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிடுற. அதான் உட்கார்ந்து எழுதுறேன். கடுதாசியை நடுவுல வெட்ட முடியாது பாரு.

புதன்கிழமை வீடியோ கால்ல, நீலகிரி கூடலூர்ல உன் ரூமுக்குப் பின்னாடி காட்டினியே, "நம்ம வீட்டுக்கே தனி அருவிம்மா"ன்னு சிரிச்சுக்கிட்டு. நான் அந்த மண்ணைத்தான் பார்த்தேன். வீடு கட்டறதுக்காக மலையைச் செங்குத்தா செதுக்கி விட்டிருக்காங்க. ஒரு செடி கொடி கிடையாது, வெறும் செம்மண்ணு. அதுல ஒரு இடத்துல விரல் மொத்தத்துக்குத் தண்ணி கசியுது, அதுவும் டீ கலர்ல. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

வியாசர்பாடியில பொறந்தவளுக்கே வெள்ளத்தைப் பத்திப் பாடமான்னு நீ கேப்ப. என் பயமே அதுதான். நமக்குத் தெரிஞ்ச வெள்ளம் வேற. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப, காலையில முதல் படியில இருந்த தண்ணி மத்தியானம் மூணாவது படிக்கு வந்துச்சு. நீதான் சாக்பீஸால கோடு போட்டுப் போட்டு சொல்லிட்டு இருந்த. அதுக்குள்ள கிரைண்டரை செங்கல் மேல ஏத்தினோம், அரிசி டின்னைப் பரண்ல வச்சோம், ஆயாவை நாற்காலியோட தூக்கி மாடி வீட்டுல விட்டோம். கரெண்ட் இல்ல, பால் இல்ல, சாக்கடை நாத்தம் குடலைப் பிடுங்குச்சு. ஆனாலும் அந்தத் தண்ணி நமக்கு நேரம் குடுத்துச்சு. கணேசபுரம் சப்வே முழுகுச்சுன்னா அடுத்து நம்ம தெருதான்னு கணக்குப் போட முடிஞ்சுது.

கூடலூர்ல அந்தக் கணக்கு செல்லாது. வயநாட்டுல 2024 ஜூலை 30, ஊரே தூங்குற நேரம். முண்டக்கை, சூரல்மலை எல்லாம் மண்ணுக்குள்ள போச்சு. விடியறதுக்குள்ள ரெண்டாவது தடவையும் சரிஞ்சுது. மூணாறு பக்கம் பெட்டிமுடியில 2020 ஆகஸ்ட்ல 70 பேர் போனாங்க, எல்லாம் எஸ்டேட் லயத்துல படுத்திருந்த தமிழ் சனங்க. அதுவும் ராத்திரிதான். அங்க படி எண்ண யாரு முழிச்சிருந்தா?

தண்ணி மட்டும் வந்தா நீந்திக்கலாம். நாள்கணக்கா பெய்யற மழையை மண்ணு குடிச்சுக் குடிச்சு கனமாகி, பிடிப்பு விட்டுப்போய், பாறை மரம் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு இறங்குது. அதுகிட்ட மாடியும் ஒண்ணுதான், தரையும் ஒண்ணுதான். 2019 ஆகஸ்ட்ல ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டுச்சு. நம்ம மெட்ராஸுக்கு வருஷம் பூரா பெய்யறதே 140 சொச்சம்தான். நீயே யோசிச்சுக்கோ.

இங்க இப்ப வெயில் மண்டையைப் பிளக்குது. டிவியில மழைன்னு மூச்சே இல்ல, உங்களுக்கு அங்க ஆடி மழை. எனக்குத் தெரியாதுன்னு நீ மறைக்கவும் வசதியா இருக்கு.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ. நம்ம தெருவுல தண்ணி வடிஞ்சா கற்பூரம் ஏத்துவோம். அங்க கொட்டுற மழையிலயே ஓடைத் தண்ணி திடீர்னு குறைஞ்சா, வடியுதுன்னு நிம்மதியா இருந்துடாதே. மேல எங்கயோ மண்ணும் மரமும் விழுந்து அடைச்சிருக்கலாம். அந்த அடைப்பு உடைஞ்சா மொத்தமா வரும். நல்லா மூடிட்டு இருந்த கதவு திடீர்னு இறுகிப் பிடிக்குது, தரையில புதுசா விரிசல் விடுது, கரெண்ட் கம்பம் சாயுது, எங்கயோ லாரி போற மாதிரி உறுமுதுன்னா செருப்பைக்கூடத் தேடாதே. ஓடை போற வழியிலயே கீழ ஓடாம, பக்கவாட்டுல மேடா இருக்கிற பக்கம் ஓடு.

குற்றாலம் ஞாபகம் இருக்கா? 2024 மே மாசம், பழைய குற்றாலத்துல ஜனங்க குளிச்சுட்டு இருக்கும்போதே தண்ணி பாய்ஞ்சு, 17 வயசுப் பையனை அடிச்சுட்டுப் போயிடுச்சு. மேல காட்டுல பெய்ஞ்ச மழை அது. பேங்க்ல கூட வேலை பார்க்கிறவங்க ஞாயித்துக்கிழமை ஓடைக்குக் கூப்பிட்டா, தலைக்கு மேல வெயில் அடிக்குதேன்னு போயிடாதே. மேல மேகம் கறுத்திருக்கான்னு பாரு.

உன் நைனா, "அங்க பொறந்து வளர்ந்தவங்கல்லாம் இல்லையா, நீ ஏன் ஊரைக் கூட்டுற"ன்னு திட்டுறாரு. திருவண்ணாமலைக்கு எத்தனை பௌர்ணமி நடந்திருக்கோம், அந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டிருக்கோமே ஒழிய பயந்திருக்கோமா? 2024 டிசம்பர்ல அதே மலையடிவாரத்துல பாறையும் மண்ணும் வீட்டு மேல விழுந்து 7 பேர் போனாங்க, அதுல 5 குழந்தைங்கன்னு சொன்னேன். அப்புறம் அவரு வாயைத் திறக்கல.

வேலையை விட்டுட்டு வான்னு சொல்லல. ரெட் அலர்ட்னு சொன்ன ராத்திரி மட்டும் அந்த ரூம்ல படுக்காதே. வீட்டுக்கார அம்மாகிட்ட கேளு, முன்னாடி மண்ணு சரிஞ்சப்ப எந்தப் பக்கம் வந்துச்சு, யார் வீட்டுல போய் இருந்தாங்கன்னு. வெட்கப்படாம அங்க போய்ப் பாய் விரி. அந்தக் கலங்கல் தண்ணி இன்னும் வருதுன்னா 1077க்குப் போன் போட்டுச் சொல்லு, மாவட்டத்துல அவசரத்துக்கு அதுதான் நம்பர். தீபாவளிக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் புடிக்க மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் குன்னூர் ரோடு எப்படி இருக்குன்னு விசாரிச்சுட்டு கிளம்பு. 2009 நவம்பர்ல நீலகிரியில 40 பேருக்கு மேல போனாங்க, அது அந்த மாசத்து மழைதான். ஒரு நாள் லேட்டா வந்தா பலகாரம் ஊசிப்போயிடாது.

காசிமேட்டு நெத்திலிக் கருவாடு அரைக்கிலோ, ஒரு டார்ச், உன் தம்பி ஃபுட்பால் கிரவுண்டுல ஊதுற விசில் எல்லாம் வச்சிருக்கேன். மண்ணுக்குள்ள மாட்டிக்கிட்டா கத்திக் கத்தித் தொண்டை போயிடும், விசிலுக்குக் கொஞ்சம் மூச்சு போதும். தலைமாட்டுல மாட்டி வை. குடுக்க மாட்டேன்னு மூஞ்சைத் தூக்கினான், அப்புறம் அவனே புதுக் கயிறு கட்டிக் குடுத்தான். எல்லாத்தையும் ஒரே பையில போட்டுட்டேன், விசில்ல கருவாட்டு வாசனை வரும். கழுவிட்டு ஒருவாட்டி ஊதிப் பாரு.

அம்மா