ஃபார்மேட் செய்வதற்கு முன்...

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் கேள்வி–பதில் பகுதியில், கம்ப்யூட்டர் ஹைபர்னேட் ஆகவில்லை என்று கேட்டவருக்கு, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடச் சொல்லியிருந்தீர்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொன்ன மாதிரி இருந்தது.

நான் சிவகாசியில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஃபார்மேட் செய்து, அதாவது டிரைவை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டால், பழைய தமிழ் ஃபான்ட்டுகள், கீபோர்டு சாஃப்ட்வேர், கோரல்டிரா, பிரிண்டர் டிரைவர் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியாகும் ஊரில், ஆனி மாதத்தில் போய் யார் இதைச் செய்வது?

ஸ்லீப் எங்களுக்கு உதவாது. அதில் வேலையெல்லாம் ரேமில்தான், அதாவது கரண்ட் இருக்கும்வரை மட்டுமே தாங்கும் மெமரியில்தான் நிற்கும். கரண்ட் போய் யு.பி.எஸ்.ஸும் படுத்துவிட்டால் எல்லாம் போச்சு. ஹைபர்னேட் ரேமில் இருப்பதை சி டிரைவில் எழுதி வைத்துவிட்டு முழுதாக அணைந்துவிடும். மறுநாள் ஆன் செய்தால் பாதியில் விட்ட பக்கம் அப்படியே வரும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, வேகமான எஸ்.எஸ்.டி. டிரைவ் போட ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஹைபர்னேட்டையே காணோம். "புது விண்டோஸ்ல அது கிடையாதுக்கா" என்றார்கள். கிடையாது என்பதெல்லாம் சும்மா. விண்டோஸ் 8 முதல் அதை மெனுவில் காட்டுவதில்லை, அவ்வளவுதான். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்கிற இடத்தில் ஹைபர்னேட்டுக்கு டிக் அடித்தால் வந்துவிடும்.

என் மெஷினில் டிக் அடிக்கும் கட்டமே இல்லை. கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, 'பவர்' என்பதோடு சி, எஃப், ஜி சேர்த்தடித்து, இடம் விட்டு, ஸ்லாஷ் போட்டு 'ஏ' அடித்தேன். எது வேலை செய்யும், எது செய்யாது, ஏன் என்று மெஷினே சொல்கிறது. எனக்கு வந்த பதில், ஹைபர்னேட் அணைக்கப்பட்டிருக்கிறது என்பது. எஸ்.எஸ்.டி. 120 ஜி.பி.தான். விண்டோஸ் 10 ஹைபர்னேட் ஃபைலுக்கு ரேமில் 40 சதவீத அளவை ஒதுக்கும்; என்னுடைய 16 ஜி.பி. ரேமுக்கு 6 ஜி.பி.க்கு மேல். இடம் மிச்சமாகட்டும் என்று அணைத்திருக்கிறார்கள். சரி, நல்ல எண்ணம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அதே கட்டளையில் ஸ்லாஷுக்குப் பின் 'ஏ'வுக்குப் பதில் 'எச்', இடம் விட்டு 'ஆன்' என்று அடித்தேன். கட்டம் வந்துவிட்டது.

பக்கத்துக் கடை மெஷினில் அந்த 'ஏ' கட்டளை, கிராஃபிக்ஸ்தான் தடை என்று காட்டியது. அங்கே புதிதாக விண்டோஸ் போட்டவர் டிஸ்ப்ளே டிரைவரைப் போடாமல் விட்டிருக்கிறார். விண்டோஸோடு வரும் பொது டிரைவரான மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பும் ஆகாது, ஹைபர்னேட்டும் ஆகாது. அதாவது, நீங்கள் சொன்ன வைத்தியத்தில்தான் அந்த நோயே வந்தது.

அணைந்த மெஷின் ராத்திரியில் தானாக ஆன் ஆகிறது என்பவர்கள், அதே கட்டளையில் ஸ்லாஷுக்குப் பின் 'லாஸ்ட்வேக்' என்று சேர்த்தடித்துப் பார்க்கலாம். பல நேரம் நெட்வொர்க் கார்டுதான் எழுப்பியிருக்கும். டிவைஸ் மேனேஜரில், அது கம்ப்யூட்டரை எழுப்பலாம் என்கிற டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

இந்தக் கட்டளைகளை ஆங்கிலத்தில் தட்டும் விதமாகவே அடுத்த வாரம் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். கத்தரித்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் வாசகி,
சிவகாசி.