குன்னூர் மார்க்கெட்டில் பூனைகளுக்குச் சோறு வைக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

காலையில் மீன் தலையை ஒதுக்கி வைக்கிற அண்ணன், மத்தியானம் சோற்றில் கருவாட்டைப் பிசைந்து கொண்டுவருகிற அக்கா, மழை வந்தால் கடைக்கு அடியில் சாக்கு விரித்துவிடுகிற தம்பி, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நானும் ஆறு வருஷமாக வைக்கிறவள்தான்.

போன ஜூன் மழையில் காலிஃபிளவர் கூடைகளுக்குப் பின்னால் நாலு குட்டி கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கண் ரெண்டும் சீழ் கட்டி ஒட்டிப்போய், மூக்கு அடைத்து, தாய் மடி எந்தப் பக்கம் என்றே தெரியாமல் தரையை முட்டிக்கொண்டிருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம், ஒன்றுதான் தப்பியது. அந்தத் தாயே செப்டம்பரில் மறுபடியும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. பெட்டைக் குட்டி நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் இரண்டே மாதம், பால் கொடுக்கும்போதே திரும்பவும் சினை பிடிக்கும். நாம் வயிறு நிறையச் சோறு மட்டும் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டால், குட்டிகள் பிறந்து பிறந்து சாவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

இதற்கு ஒரே வழி பூனைகளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுவதுதான். பணம்தான் தடை, தெரியும். ஒரு தனியார் கிளினிக்கில் பெட்டைக்கு நாலாயிரம் என்றார்கள், பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருந்தால் ஆளுக்கு ஐந்நூறு போட்டு முடித்திருக்கலாம் என்று இன்றும் மனசு உறுத்துகிறது.

முதலில் அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்போம். தையல் நூலும் மருந்தும் வெளியே வாங்கிவரச் சொன்னாலும் தனியாரைவிடக் குறைவாகத்தான் ஆகும். ஊட்டிப் பக்கம் வேர்ல்டுவைடு வெட்டரினரி சர்வீஸ் என்கிற விலங்கு மருத்துவத் தொண்டு அமைப்பின் பயிற்சி மையம் இருக்கிறது, வெளியூர் டாக்டர்கள் கருத்தடை ஆபரேஷன் பழக அங்கேதான் வருகிறார்கள். மசினகுடிக்குப் பக்கத்தில் மாவனல்லாவில் ஐபேன் என்கிற விலங்கு நல அமைப்பு இருக்கிறது. பூனைக்கு எந்த நாள் ஒதுக்க முடியும் என்று போனில் கேட்டுவிட்டு, ஒரே வண்டியில் மூன்று நாலு பூனைகளாகக் கொண்டுபோனால் வண்டிக்கூலியும் பங்காகிவிடும். தனித்தனியாக அலைந்துதான் நாம் இத்தனை நாள் தோற்றோம்.

நகராட்சிக்கு ஒரு மனுவும் கொடுப்போம். 2001இல் வந்த கருத்தடை விதிகளின் பெயரிலேயே நாய் என்று இருந்தது. 2023இல் வந்த விதிகளுக்கு 'விலங்குகள் கருத்தடை விதிகள்' என்றுதான் பெயர், சொந்தக்காரர் இல்லாத விலங்குகளை அவை சமூக விலங்குகள் என்கின்றன. நாய்களுக்கு முகாம் போடுகிற அன்றைக்கே பூனைகளுக்கும் ஒரு மேசை போடுங்கள் என்று அதைக் காட்டியே கேட்கலாம்.

அப்புறம், இது நம் குளிருக்கு ரொம்ப முக்கியம். மயக்கத்தில் பூனையின் உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஆபரேஷன் முடிந்த கையோடு மார்க்கெட்டில் விட்டுவிடக் கூடாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, பெட்டையை நாலைந்து நாளாவது அறைக்குள் வைத்திருக்கணும். கடுவனுக்கு ஒன்றிரண்டு நாள் போதும். வலிக்கிறதே என்று யாரும் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம், உயிரே போய்விடும். மயக்கத்தில் இருக்கும்போதே அடையாளத்துக்குக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொல்வோம், ஏற்கெனவே ஆனதையே திரும்பப் பிடிக்க வேண்டியிருக்காது.

மூணு கலர் பூனையை முதலில் கொண்டுபோகலாம், அதன் குட்டிகள் தானாகச் சாப்பிடத் தொடங்கிவிட்டன. என் வீட்டுப் பின்னறை காலியாக இருக்கிறது, ஆபரேஷன் ஆனதை அங்கே வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை அடைத்ததும் உருளைக்கிழங்கு மண்டி வாசலுக்கு வாருங்கள். மூடி இறுக்கமாக நிற்கிற கூண்டோ, கட்டிவைக்கக்கூடிய இரண்டு காய்கறிக் கிரேட்டோ இருந்தால் எடுத்து வாருங்கள், பணம் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு.