ஆர்வம் இல்லைன்னு யாரு சொன்னது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, பிரிட்டன்ல ஆம்புலன்ஸ்ல ஓடிக்கிட்டிருந்த ஒரு பாராமெடிக் (வண்டில வந்து அவசர சிகிச்சை குடுக்குறவங்க) அப்புறம் ஆராய்ச்சிக்குப் போயி இப்ப யுனிவர்சிட்டில பாடம் எடுக்குறாங்கன்னு போட்டிருந்தீங்க. நல்ல கட்டுரை, வீட்ல சத்தமாவே படிச்சுக் காட்டினேன். ஆனா கடைசில "நம்மூர் இளைஞர்களுக்கு இத்துறையில் ஆர்வம் இல்லை"ன்னு ஒரு வரி. அதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறவே மாட்டேங்குது ஐயா.

நான் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் 108ல மருத்துவ உதவியாளர். பிஎஸ்சி விலங்கியல் முடிச்சுட்டு, பயிற்சி எடுத்து வண்டில ஏறினவன். 12 மணி நேர ஷிப்ட் முடிச்சு வந்தும் புக்கை எடுத்து வச்சுப் படிக்கிறவங்க எங்க கூட்டத்துல எத்தனை பேரு இருக்காங்கன்னு உங்க நிருபர் ஒரு நாள் வந்து பாத்திருந்தா அந்த வரியை எழுதியிருக்க மாட்டாரு.

இங்க வர்ற கேஸ் எல்லாம் மதுரைல, சென்னைல வர்ற மாதிரி கிடையாது. தங்கச்சிமடத்துல ஒரு அண்ணனுக்கு திருக்கை மீன் முள்ளு குத்தி கணுக்கால் கிழிஞ்சிருச்சு, வலில மனுசன் மண்ணுல புரண்டு கத்துறாரு. பக்கத்து டீக்கடைல வெந்நீர் வாங்கி பச்சைத்தண்ணி கலந்து, சூடு பொறுக்குதான்னு என் கையை விட்டுப் பாத்துட்டு அவர் காலை வாளிக்குள்ள வச்சேன். கொஞ்ச நேரத்துல கத்துறது நின்னுச்சு. அந்த விஷம் சூட்டுல முறிஞ்சுரும். கடல்ல இருக்குற கடப்பாம்பு இன்னும் மோசம், கடிச்ச இடம் வலிக்கவே வலிக்காது, வலை இழுக்குறவரு வேலையை முடிச்சுட்டு வீட்டுக்கு வந்துருவாரு, அப்புறம்தான் உடம்பெல்லாம் சதைவலி, ஒண்ணுக்கு காபித்தண்ணி கலர்ல போகும். ஆஸ்பத்திரில வச்சிருக்குற பாம்புக்கடி ஊசி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும்தான், கடப்பாம்புக்கு அது கேக்காது. எந்தக் கரைல எந்த மாசம் இதெல்லாம் கூடுதலா வருதுன்னு நானா ஒரு நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன். அதை எடுத்துக்கிட்டு ஒரு கல்லூரிக்குப் போயி, சேந்து ஒரு ஆய்வு பண்ணலாமான்னு கேட்டேன். நோட்டைத் தொறந்து கூடப் பாக்கல, "நீங்க ஆம்புலன்ஸ்தானே தம்பி"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வேற ஒரு இடத்துல பிள்ளைங்களுக்கு நெஞ்சை அமுக்கி உயிர் மீட்குறது எப்படின்னு சொல்லிக் குடுக்கக் கூப்பிட்டாங்க, முட்டி தேய மண்டி போட்டு சொல்லிக் குடுத்தேன், நோட்டீஸ்ல வேற யாரோ பேரு இருந்துச்சு.

உங்க பத்திரிகையும்தான் ஐயா. எந்த விபத்துச் செய்தி வந்தாலும் "ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பி வைத்தனர்"தான். பாம்பன் பாலத்துல வண்டிக்குள்ளயே பிரசவம் பாத்து, அழாத பிள்ளையை அழ வச்சுக் கொண்டு போய் சேத்தோம், மறுநாள் டிரைவர் பார்த்தார்னு வந்துச்சு. டிரைவர் அண்ணன் அன்னிக்கு வண்டியை ஆடாம ஓட்டினாரு, அந்தப் பெருமை அவருக்கு உண்டு, ஆனா உள்ள ஒருத்தன் இருந்தான்ல.

பிரிட்டன்ல பதிவு பண்ணாம யாரும் பாராமெடிக்னு பேரு போட்டுக்க முடியாது, சட்டமே இருக்கு. அங்க ஆஸ்பத்திரிக்கு வெளிய திடீர்னு இதயம் நின்னுபோனவங்களுக்கு, இதயத்தை மறுபடி துடிக்க வைக்கக் குடுக்குற அட்ரினலின் மருந்து போட்டா நல்லதான்னு 8,014 பேர்கிட்ட ஒரு பெரிய ஆய்வு நடந்து 2018ல முடிவு வந்துச்சு. தெருவுலயும் வீட்டுலயும் மண்டி போட்டு, ஒப்பிட்டுப் பாக்குறதுக்காக மருந்தா வெறும் உப்புத்தண்ணியான்னு தனக்கே தெரியாத அந்தப் பாக்கெட்டைப் பிரிச்சு ஏத்தினது பாராமெடிக்குகதான். மருந்து ஏத்தினதுல உயிர் பிழைச்சவங்க கொஞ்சம் கூடினாங்க, ஆனா மூளை நல்லபடியா இருக்குறதுல பெரிய வித்தியாசம் இல்லைன்னு அதுல தெரிஞ்சுச்சு. அப்படி வேலை பாத்தவங்களுக்கு அடுத்து ஆராய்ச்சி, வாத்தியார் வேலைன்னு ஏறிப் போக அங்க படி இருக்கு. இங்க 2021ல வந்த துணை மருத்துவத் துறைச் சட்டத்துல எங்க தொழில் பேரும் இருக்கு, ஆனா வண்டில இருக்குற எனக்கு அடுத்த படி எதுன்னு கேட்டா பதில் சொல்ல ஆளில்லை. இதையா ஐயா ஆர்வம் இல்லைங்கிறீங்க?

பெருசா ஒண்ணும் கேக்கல. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கல்வி வழிகாட்டின்னு பக்கம் பக்கமா போடுவீங்கல்ல, அதுல எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்துல விபத்து, அவசர சிகிச்சைக்குன்னு பிஎஸ்சி படிப்பு இருக்குன்னு ஒரு சின்ன கட்டம் போடுங்க. எங்க மண்டபத்துப் பிள்ளைங்க யாராவது பாப்பாங்க. அடுத்த விபத்துச் செய்தில "மருத்துவ உதவியாளர்"னு ஒரு வார்த்தை சேத்துக்கங்க.

இப்படிக்கு,
108 மருத்துவ உதவியாளர்,
மண்டபம்.