நாணயம் சேகரிப்போர் வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டம் ஒன்பது முறை நடந்தது. சமூக மன்றத்தில் அறை கிடைக்காததால் மூன்று மாதம் விட்டுப்போனது. பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. தேசிய அரும்பொருளகத்துக்குப் போய், பழங்கால எழுத்து பொறித்த சிங்கப்பூர்க் கல்லைப் பார்த்து வந்தோம்.

அக்டோபர் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மருமகனோடு சஃபோக் பக்கம் அறுவடை முடிந்த கோதுமை வயலில் மெட்டல் டிடெக்டர் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். நிலக்காரரிடம் முன்பே அனுமதி வாங்கியாயிற்று. இரண்டு நாளும் ஆணியும் தகரமும்தான். மூன்றாம் நாள் மாலை, அரைச் சாண் ஆழத்தில், பாதி நிலா மாதிரி ஒரு வெள்ளித் துண்டு. பென்னி என்ற 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வெள்ளிக்காசில் பாதி. சில்லறைக்காக அப்போது பென்னியையே பாதியாகவும் காலாகவும் நறுக்கிப் புழங்கினார்கள். பின்பக்கச் சிலுவைதான் வெட்டுக்கோடு. ஓரத்தைச் சீவித் திருடுவதைத் தடுக்க, 1247இல் அந்தச் சிலுவையை விளிம்புவரை நீட்டினார்கள்.

ஏற்றுமதி உரிமம் வேண்டும் என்பதால் காசு மகள் வீட்டிலேயே இருக்கிறது. அவர் கொண்டுவந்தது படமும் ஒரு தாளும். எனக்கு அந்தத் தாள்தான் பெரிதாகப் பட்டது. எந்த வயல், எந்த மூலை, என்ன எடை என்று வட்டாரத் தொல்பொருள் அலுவலர் பதிந்துகொடுத்தது. 1997இலிருந்து அங்கே இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. ஒற்றைக் காசைப் பதிவது அவரவர் விருப்பம். 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து கிடைத்தால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாளுக்குள் தெரிவித்தே ஆகவேண்டும். இந்தியாவிலும் 1878இலிருந்து புதையல் சட்டம் உண்டு. 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே ஆட்சியரிடம் சொல்லவேண்டும்.

அன்றிரவு என் ஆல்பத்தைத் திறந்தேன். ராஜராஜன் செப்புக்காசு பதினொன்று இருக்கிறது. ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து. உழும்போது கிடைத்ததா, கிணறு வெட்டும்போது கிடைத்ததா, எந்த ஊர்? ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லாம் கடையில் வாங்கியவை. நான் கேட்கவே இல்லை.

அதனால்தான் பதிவேடு தொடங்கினேன். யாரிடம், எந்த ஆண்டு வாங்கினீர்கள், விற்றவர் எந்த ஊர் என்று சொன்னார், அவ்வளவுதான் கேள்வி. வாட்ஸ்அப்பில் மூன்று முறை நினைவூட்டியும் 46 பேரில் எட்டுப் பேர்தான் எழுதித் தந்தார்கள். விலை தெரிந்துவிடும் என்று சிலர் தயங்குவதாகக் கேள்வி. விலையை நான் கேட்கவே இல்லை.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாகப் போயிற்று. விவரம் பொருளாளர் சொல்வார். பதினேழு பேர் 30 சிங்கப்பூர் வெள்ளிச் சந்தா கட்டவில்லை. இருவருக்கு மூன்று ஆண்டு பாக்கி. நான்கு மாத அறை வாடகை என் கையிலிருந்து போனது. திருப்பிக் கேட்பதற்காகச் சொல்லவில்லை, ஆனால் அடுத்த ஆண்டும் அப்படிச் செய்ய என்னால் முடியாது.

தலைவருக்கும் பொருளாளருக்கும் சிற்றுண்டி கொண்டுவந்த குடும்பங்களுக்கும் நன்றி.

செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் மனமார ஒப்படைப்பேன். பதிவேட்டை மட்டும் அவர் நிறுத்திவிடக் கூடாது. படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன, பேனாவும் வைத்திருக்கிறேன். தேநீருக்கு முன் ஆளுக்கு ஒரு காசுக்காவது எழுதித் தாருங்கள்.