கையை எடுத்தாலும் அப்படியே நிற்க வேண்டும்

பாளையங்கோட்டை
19.1.2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போகிக்கு முந்தின நாள் வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். கரும்பு வாங்கு, பனங்கிழங்கு வாங்கு என்று வீட்டில் விரட்டியதில் ஒரு வாரம் ஓடிப்போயிற்று. பேரன் வந்திருந்தான். லென்ஸின் முன்கண்ணாடியில் ஐந்து விரலையும் அழுத்திப் பதித்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டான். ஞாபகமாக இருக்கட்டும் என்று அப்படியே வைத்திருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் முதல் வேலையாகத் துடைத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற கையோடு தூரத்துப் பறவையைப் பக்கத்தில் இழுக்கும் சிக்மா 150-600 ஜூம் லென்ஸ் வாங்கிவிட்டாயே, தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லையா? என் வீட்டில் இன்றும் அந்தப் பேச்சு ஓயவில்லை. பையைத் தோளில் மாட்டும்போதெல்லாம், "பறவை பார்க்கப் போறீங்களா, பாரம் தூக்கப் போறீங்களா?" என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதுதான் நீ கேட்டிருந்த கிம்பல் விவகாரமே, அதாவது பெரிய லென்ஸை மூன்று கால் ட்ரைபாட் மேல் சமநிலையில் தாங்கி, எந்தப் பக்கமும் திருப்ப விடும் தலைப்பகுதி.

கடையில் போய் கிம்பல் கேட்டதற்கு, கல்யாண வீடியோக்காரர்கள் வைத்திருக்கும் மோட்டார் கைப்பிடியை எடுத்துக் காட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கும் அதேதான் நடந்தது. செல்போனை மாட்டினால் அது பாட்டுக்குத் தலையை ஆட்டியது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாகிவிட்டது, என்ன செய்ய? நமக்கு வேண்டியதில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. இரண்டு அச்சு, இரண்டு பேரிங், லென்ஸ் உட்கார ஒரு தொட்டில், அவ்வளவுதான்.

உன்னிடம் இருக்கிற பால் ஹெட்டில் (பந்து மேல் திரும்பும் சாதாரண ட்ரைபாட் தலை) லென்ஸ் ஏன் குப்புற விழுகிறது என்றால், பாரம் முழுவதும் பந்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. திருகை இறுக்கினால் திருப்ப முடியாது. தளர்த்தினால் எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்ததோ அந்தப் பக்கமே போய் விழும். எனக்கு ஒருமுறை இடது கை சுண்டுவிரல் நடுவில் மாட்டிக்கொண்டு நகம் கறுத்துப்போனது. கிம்பலில் அப்படி இல்லை. லென்ஸும் கேமராவும் சேர்ந்த பாரத்தின் நடுப்புள்ளியைச் சாய்வு அச்சின் மேலேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். அப்புறம் விழுவதற்கு அதற்கு ஒரு காரணமும் கிடையாது. தராசில் இரண்டு தட்டும் சமமாக நிற்கிற மாதிரி. ஒரு விரலால் தள்ளினால் போகும், விரலை எடுத்தால் நின்றுவிடும்.

போன வாரம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் இருந்தேன். ஊருக்குள் வீட்டு மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் வந்துவிட்டன. அந்த ஊர்க்காரர்கள் முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்டினால் விரட்ட மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியுமே. நான் உட்கார்ந்தது குளத்துக் கரையில். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நிற்கும், தலைகீழாகப் பாயும், வெறும் வாயோடு திரும்பும், மறுபடி வேறு இடத்தில் நிற்கும். அது எப்போது நிற்கும், எப்போது பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றேகால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நடுவில் பிளாஸ்கைத் திறந்து டீ குடித்தேன். லென்ஸ் நான் விட்ட திசையிலேயே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது. பறவை நின்றதும் டம்ளரைக் கீழே வைத்தேன், கையை நீட்டினேன், அழுத்தினேன். படம் சுமார்தான், அது வேறு கதை.

நான் சொல்ல வருவது இதுதான், மாப்ளே. உன் லென்ஸ் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கேமராவோடு சேர்த்தால் மூன்று கிலோவைத் தொடாது. அதைக் கையில் பிடித்தே பத்து நிமிடம் எடுக்கலாம். பதினோராவது நிமிடம்தான் தோள் கெஞ்சும். பறவையும் சரியாக அப்போதுதான் வரும். நமக்குக் கிம்பல் பாரம் தாங்குவதற்கு என்பதைவிடக் காத்திருப்பதற்குத்தான் தேவை. அதனால் பெட்டியின் மேல் 15 கிலோ தாங்கும், 20 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. உன் மூன்று கிலோவை எல்லாமே தாங்கும். கையை எடுத்ததும் அப்படியே நிற்கிறதா, தொட்டதும் தயங்காமல் நகர்கிறதா, இந்த இரண்டையும் மட்டும் பார்.

நீ எழுதிய மூன்று வழிகளுக்கு வருகிறேன்.

பழைய விம்பர்லி கம்பெனிக் கிம்பல் ஒன்று கைமாற்றாக வருகிறது என்றாய். அமெரிக்காவில் புதிதே 600 டாலரை ஒட்டி விற்ற சரக்கு, இங்கே வந்து சேர்வதற்குள் சுங்கவரியும் ஏறிவிடும். அருமையான பொருள், மறுக்கவில்லை. 600 எஃப்4 மாதிரி பீரங்கி லென்ஸ் வைத்திருப்பவனுக்கு அது தகும். நம் லென்ஸுக்கு அது, தயிர்சாதம் கட்ட வெள்ளித் தூக்கு வாங்குகிற கதை.

பால் ஹெட்டின் மேலேயே மாட்டிக்கொள்ளும் பக்கவாட்டுக் கிம்பல் விலையும் குறைவு, எடையும் குறைவு. ஆனால் அதற்குக் கீழே இருக்கிற பால் ஹெட் தடிமனாக, நல்ல தரமாக இருக்க வேண்டும். லென்ஸைத் திருப்புகிற வேலை முழுவதும் அந்தப் பால் ஹெட்டின் அடித்தட்டுதான் பார்க்கும். உன்னுடையது போட்டோவில் எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிறது. வேண்டாம். இன்னொரு தொல்லையும் உண்டு. லென்ஸை அதைச் சுற்றியிருக்கும் காலர் வளையத்தில் பக்கவாட்டாகத் திருப்பி, ஒரு கையால் முழுப் பாரத்தையும் ஏந்திக்கொண்டு, மற்றக் கையால் கிளாம்ப் என்கிற பிடிப்பை இறுக்க வேண்டும். காலை ஐந்தரை மணி இருட்டில், பனி விழுகிற கரையில், நம் வயதில் அது சர்க்கஸ்.

மிச்சம், பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும் சீனத்து அலுமினிய முழுக்கிம்பல். அதையே வாங்கு. நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். எந்த கம்பெனி என்று எழுதப்போவதில்லை, ஏனென்றால் முதலில் அது என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

பார்சலைப் பிரித்து மாட்டினேன். மேலே கீழே சாய்வது வெண்ணெய் மாதிரி. பக்கவாட்டில் திருப்பினால் முதலில் நகரவில்லை. கொஞ்சம் அழுத்தினால் சடக்கென்று தாவியது. பறக்கிற பறவையைத் தொடரும்போது இந்தத் தாவல்தான் விஷம், படம் முழுக்க இழுவை. திருப்பி அனுப்ப வேண்டிய தேதியைத் தவறவிட்டுவிட்டேன். வீட்டுக்குப் பக்கத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் என் லென்ஸையோ கேமராவையோ பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அடித்தட்டைக் கழற்றினார், பேரிங்கை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினார். அடியில் இரும்புத்தூள் மாதிரி ஏதோ கறுப்பாகப் படிந்தது. துடைத்து, விரல் நுனியில் கடுகளவு கிரீஸ் தொட்டு வைத்து மூடினார். "அப்பிட்டானுவ சார், நெறைய வச்சா வழுக்கும்னு நெனச்சிட்டானுவ" என்றார். 150 ரூபாய். அதிலிருந்து இன்றுவரை குறையில்லை. ஆனால் நீ இதைச் செய்யாதே. கழற்றினால் உத்தரவாதம் போய்விடும். வாங்கின அன்றே சோதித்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்பு.

எப்படிச் சோதிப்பது? உன் லென்ஸையும் கேமராவையும் மாட்டியே பார், வெறும் கிம்பலைச் சுற்றிப் பார்த்து ஒன்றும் தெரியாது. திருகுகளைத் தளர்த்திவிட்டு லென்ஸின் நுனியைச் சுண்டுவிரலால் மெள்ள, ரொம்ப மெள்ளத் தள்ளு. வேகமாகச் சுற்றினால் எல்லாமே நன்றாகத்தான் சுற்றும். அசையத் தொடங்குகிற அந்தக் கணத்தில்தான் சாயம் வெளுக்கும். அப்புறம் திருகுகளை இறுக்கிவிட்டு லென்ஸின் நுனியைப் பிடித்து இப்படி அப்படி ஆட்டு. கொடகொடவென்று ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். தொட்டிலில் பிளேட் (லென்ஸின் காலுக்கு அடியில் திருகும் தட்டு) பிடிக்கும் இடம் ஆர்கா ஸ்விஸ் என்கிற பொது அளவா என்று பார்த்துக்கொள், அகலம் சுமார் 38 மி.மீ. இப்போது பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

பிளேட் பற்றி ஒரு வார்த்தை. டாம்ரான் கம்பெனியின் 150-600 ஜி2 லென்ஸின் காலே ஆர்கா அளவில் வெட்டியிருக்கும். உன் சிக்மாவுக்குத் தனியாக பிளேட் வாங்க வேண்டும். நீளமாக, 12 முதல் 15 செ.மீ. வரை வாங்கு, முன்னும் பின்னும் நகர்த்த இடம் வேண்டும். இரண்டு நுனியிலும் தடுப்புத் திருகு இருக்கிறதா என்று அவசியம் பார். எனக்கு முதலில் கிடைத்த பிளேட்டில் அது இல்லை. கிளாம்ப்பைச் சரியாக இறுக்காமல் ட்ரைபாடைத் தூக்கினேன்; லென்ஸ் வழுக்கி வந்தது. முழங்காலை நீட்டித் தாங்கினேன். லென்ஸுக்கு ஒரு கீறல் இல்லை. முழங்கால் இன்னும் மாடிப்படி ஏறும்போது அந்த நாளை ஞாபகப்படுத்துகிறது.

சமநிலைப்படுத்துவது அரைமணி நேர வேலை, ஒருமுறை செய்து பிளேட்டில் பெயிண்ட் புள்ளி வைத்துவிட்டால் போதும். உன் லென்ஸ் ஜூம் செய்தால் மூக்கு நீளும். 150-ல் சமன் செய்துவிட்டு 600-க்கு நீட்டினால் முன்பக்கம் தாழும். நாம் எப்போதும் 600-ல்தானே கிடக்கிறோம், ஆகவே முழுக்க நீட்டி, வெயில் மறைக்கும் ஹூட்டும் மாட்டிச் சமன் செய். சோனி 200-600 வைத்திருப்பவனுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் ஜூம் உள்ளேயே நடக்கிறது. பொறாமைப்பட்டு என்ன ஆகப்போகிறது. பிளேட்டை நகர்த்தி முன்பின் சமன் ஆனதும், லென்ஸை நன்றாகக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கையை எடு. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி தானாக நிமிர்ந்து வந்தால் பாரம் அச்சுக்குக் கீழே தொங்குகிறது, தொட்டிலைக் கொஞ்சம் உயர்த்து. மேலும் மேலும் சாய்ந்துகொண்டே போனால் பாரம் மேலே இருக்கிறது, தொட்டிலை இறக்கு. சாய்த்த இடத்தில் சும்மா நின்றால் வேலை முடிந்தது. அந்த நேரத்தில் வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டத் தோன்றும். நான் காட்டினேன். "சரி, நிக்குது. அதுக்கென்ன?" என்றாள்.

ட்ரைபாடைச் சமதளமாக நிறுத்தாவிட்டால் இவ்வளவும் வீண். குளத்துக் கரை சரிவுதானே, கால்கள் கோணலாக நின்றால் லென்ஸைத் திருப்பத் திருப்ப அடிவானமும் சரிந்துகொண்டே போகும். மட்டம் பிடிக்கும் அடித்தட்டு என்று தனியாக விற்கிறார்கள். பணம் மிஞ்சினால் வாங்கு, இல்லாவிட்டால் கால்களை நீட்டிக் குறைத்து, குமிழைப் பார்த்து மட்டம் பிடிக்கப் பழகு. நான் இரண்டாவது வகை. அப்புறம், நடுத்தண்டை உயர்த்தாதே. உயர்த்தினால் மூன்று கால் ட்ரைபாட் ஒற்றைக்கால் கொக்கு ஆகிவிடும்.

எல்லா இடத்துக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போகாதே. சிங்காநல்லூர் குளக்கரையில் உட்கார்ந்து எடுக்கிறாயா, கிம்பல். வால்பாறையில் சோலைமந்தி பார்க்கப் போகிறாயா, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. நீ மூன்று காலை விரிப்பதற்குள் அது நான்கு மரம் தாண்டியிருக்கும். காட்டிலாகா வேனில் போனால் ஜன்னலில் வைக்க ஒரு துணிப்பை போதும். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து அரிசி போட்டு வைத்திருக்கிறேன். முதலில் உமி போட்டேன், இறுக்கமாக நிற்கவில்லை. ரேஷன் அரிசிதான், ஒன்றரைக் கிலோ. வண்டு வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொத்த எடையையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள். கிம்பல் ஒன்றேகால் கிலோவுக்கு மேல், ட்ரைபாட் இரண்டு, லென்ஸும் கேமராவும் மூன்றை ஒட்டி. ஆறு கிலோவைத் தாண்டிவிடும். போன வருஷம் தோள்பட்டை வலி என்று எழுதியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட இந்தக் கடிதத்தில் இல்லை. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் இருக்கிறது. காலை நடை தவறுவதில்லை, நடை என்றால் கேமரா இல்லாமல். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம். உன் பக்கம் யாராவது தெரிந்தால் சொல்.

ஒரு யோசனை. இப்போதே ஆர்டர் போட்டுவிடாதே. மாசி பிறப்பதற்குள் ஒரு சனிக்கிழமை ரயில் ஏறி வா. லென்ஸையும் கேமராவையும் மட்டும் எடுத்து வா, என் கிம்பலில் மாட்டிப் பார்ப்போம். வரித்தலை வாத்துகளும் இன்னும் இருக்கின்றன, போன வாரம் தூரத்தில் ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். இரண்டு நாள் கரையில் உட்கார்ந்து பார், பிடித்தால் வாங்கு. வரும்போது 1998-ல் என்னிடம் இரவல் வாங்கிப்போன மழைக்கோட்டையும் மறக்காமல் எடுத்து வா. காலையில் கரையில் பனி அதிகம், கேமரா மேல் போர்த்த ஆகும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் மச்சான்