காகிதமா கைபேசியா, டிக்கெட் வாங்கியவர் முடிவு செய்யட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட் முழுக்கக் கைபேசிக்கு மாறிவருவதை வரவேற்றுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இன்னும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைக் காலம் தெரியாதவர்கள் போல அதில் எழுதியிருந்தது மனதை உறுத்தியது. ஒன்பது ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் கச்சேரி, கண்காட்சி, விளையாட்டுப் போட்டி என்று பல இடங்களில் நுழைவாயிலில் நின்று டிக்கெட் ஸ்கேன் செய்யும் தன்னார்வலன் நான். அந்த இடத்தில் நின்று பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆண்டு ஒரு மாலை. எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு வரிசையில் வந்தார். டிக்கெட் கேட்டதும், "மகள்கிட்ட இருக்குப்பா, வந்துட்டே இருக்கா" என்றார். இரண்டு டிக்கெட்டும் மகளுடைய போனில். மகளோ போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்றால், கைபேசிச் செயலிக்குள் இருக்கும் டிக்கெட்டைத்தான் ஏற்க வேண்டும் என்று அமைப்பாளர்கள் எங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பெரியவரை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். உள்ளே கச்சேரி தொடங்கிவிட்டது. மதில் சுவரைப் பார்த்தபடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு முதல் மூன்று பாட்டுகளையும் அவர் வெளியிலிருந்தே கேட்டார். பணம் கட்டிய இருக்கை உள்ளே காலியாகக் கிடந்தது. சட்டைப்பையில் ஒரு தாள் இருந்திருந்தால் நேரத்துக்கு உள்ளே போயிருப்பார். அன்று அவரை உள்ளே விடும் அதிகாரம் எனக்கு இல்லாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

டிக்கெட் என்பது உண்மையில் எங்கே இருக்கிறது? பிரிண்ட் எடுத்த தாளிலும் இல்லை, போனிலும் இல்லை. அமைப்பாளரின் கணினியில் ஒரு பதிவாக இருக்கிறது. நாம் காட்டும் கியூஆர் கோடு அந்தப் பதிவைத் தேடி எடுக்க உதவும் ஒரு எண், அவ்வளவுதான். விமானப் பயணத்தில் இது எப்போதோ தீர்ந்துவிட்ட விஷயம். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 2008 ஜூன் 1 முதல் தன் உறுப்பு நிறுவனங்களின் டிக்கெட்டை முழுவதும் மின்னணுப் பதிவாக மாற்றியது. அதற்காகப் பயணிகள் காகிதத்தில் எடுத்துவரக் கூடாது என்று அந்தச் சங்கம் அப்போது சொல்லவில்லை. பதிவு ஒன்றுதான் என்னும்போது அதை எந்த வடிவில் கொண்டுவருவது என்பதில் கெடுபிடி எதற்கு?

காகிதத்திலும் தொல்லை உண்டு, மறைக்கவில்லை. தாளை நான்காக மடித்துப் பையில் வைப்பார்கள். மடிப்பு சரியாகக் கோடின் நடுவே விழும், வியர்வையில் மை பரவும். ஒரு பக்கத்தில் நான்கு டிக்கெட் வருகிற மாதிரி சுருக்கிப் பிரிண்ட் எடுத்தால் கட்டங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் இந்தக் கோடு லேசில் தோற்காது. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் வாகன உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது அது. தொழிற்சாலை அழுக்கையும் கிழிசலையும் தாங்க வேண்டும் என்பதால், எந்தத் திருத்த நிலையில், அதாவது சிதைவை ஈடுகட்ட எவ்வளவு கூடுதல் தகவலோடு, அச்சிட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, சுமார் 7 முதல் 30 சதவீதம் வரை சிதைந்தாலும் மீதியை வைத்துப் படித்துவிடலாம். மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களும் சுற்றியுள்ள வெள்ளை ஓரமும் மட்டும் கெடக் கூடாது. ஓரத்தை ஒட்ட வெட்டி எடுத்துவருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மடிப்பதாக இருந்தால் கோடு இல்லாத பக்கத்தில் மடியுங்கள்.

கைபேசி விஷயம் வேறு. கோடு பளிச்சென்று இருந்தால் கண் இமைப்பதற்குள் ஸ்கேன் ஆகிவிடும், காகிதத்தை விட வேகம். சிக்கல் எல்லாம் அதற்கு முந்தைய அரை நிமிடத்தில்தான். பல்லாயிரம் பேர் ஒரே இடத்தில் கூடினால் டவரே கிடைக்காது. செயலி திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கடவுச்சொல் கேட்கும், அதற்கான ஓடிபி வந்து சேராது. பிரைட்னஸ் குறைந்திருக்கும். வெயிலில் திரை கறுப்பாகத் தெரியும். சரியாக நீட்டும் நேரத்தில் ஒரு அழைப்பு வந்து கோடை மறைக்கும். ஒரே போனில் ஐந்து பேருடைய டிக்கெட் இருந்தால் விரலால் தள்ளித் தள்ளி எது ஸ்கேன் ஆனது, எது ஆகவில்லை என்று குழம்பிப்போவார்கள். பின்னால் வரிசை நிற்கும் பதற்றம் அவர்கள் விரலிலேயே தெரியும். சில வாயில்களில் இன்னும் பழைய லேசர் ஸ்கேனர்தான். அது திரையில் தெரியும் பார்கோடை ஒழுங்காகப் படிக்காது. கேமரா வைத்த ஸ்கேனர்தான் காகிதம், திரை இரண்டிலும் படிக்கும்.

செயலிக்குள் இருக்கும் டிக்கெட் மட்டுமே செல்லும் என்பதற்கு அமைப்பாளர்கள் கள்ளச்சந்தையையும் போலி டிக்கெட்டையும் காரணம் காட்டுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மாறாத கோடை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். முதலில் ஸ்கேன் ஆகிறவர் உள்ளே போவார், அடுத்து வருகிறவருக்கு 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று சிவப்பாகக் காட்டும். அந்த இரண்டாம் ஆள் உண்மையிலேயே பணம் கொடுத்தவராக இருந்த கொடுமையை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஆர்வத்தில் டிக்கெட்டைப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டிருந்தார்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். இதைத் தடுக்கத்தான் நொடிக்கணக்கில் மாறும் கோடு வந்தது. நிகழ்ச்சி டிக்கெட் விற்கும் அமெரிக்காவின் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் 2019இல் அறிமுகப்படுத்திய முறையில் அது 15 நொடிகளுக்கு ஒருமுறை மாறுகிறது. அதற்கு ஸ்கிரீன்ஷாட் உதவாது, பிரிண்டும் உதவாது. திருட்டைத் தடுக்கும் நல்ல வழிதான். ஆனால் ஸ்மார்ட்போன் இல்லாதவர், சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவர், கண்பார்வை மங்கியவர், போன் தொலைந்துபோனவர் ஆகியோருக்கு அதே பூட்டு கதவையும் சேர்த்து மூடிவிடுகிறது. திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டுக்கு உரியவரிடம் மாற்றுச் சாவி ஒன்று இருக்க வேண்டாமா?

மாற்று வழி கடினமானதே அல்ல. நுழைவாயிலில் ஒரு மேசை, அதில் இணையம் இல்லாமலே பார்க்கக்கூடிய பெயர்ப் பட்டியல், பக்கத்தில் ஒருவர். அடையாள அட்டையையும் முன்பதிவு எண்ணையும் காட்டினால் பதிவைச் சரிபார்த்து உள்ளே விட்டுவிட்டு, அந்தக் கோடைப் பயன்படுத்தியதாகக் குறித்துவிடலாம். அதன் பிறகு அதே டிக்கெட்டோடு யார் வந்தாலும் செல்லாது. இன்னொன்று, ஸ்கிரீன்ஷாட் செல்லுமா, பிரிண்ட் செல்லுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும். நிபந்தனைகளின் இருபதாவது வரியில் ஒளித்து வைப்பது முறையல்ல.

வாசகர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். மாறாத கோடு என்றால் போனில் ஒன்று, பையில் ஒரு பிரிண்ட் என்று இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாறும் கோடு என்றால் வீட்டிலேயே செயலியைத் திறந்து டிக்கெட் திரையில் வருகிறதா என்று பாருங்கள். குடும்பமாகப் போனால் அவரவர் டிக்கெட்டை அவரவர் போனுக்கு முந்தைய நாளே மாற்றிவிடுங்கள்.

அடுத்த மாதம் நான் நிற்கப்போகும் அரங்கில் அப்படி ஒரு மேசை வேண்டும் என்று கேட்டிருந்தேன். போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மற்ற அமைப்பாளர்களும் இதைச் செய்ய வேண்டும் என்று உங்கள் இதழ் ஒரு தலையங்கம் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
நுழைவாயிலில் நிற்கும் ஒரு வாசகன்